எட்டு மணி எலுமிச்சம்பழம்

"லைவ் பொறுப்பு இனிமே அழகுபாண்டிக்கு" என்று வெங்கடேஷ்பாபு சார் சொன்னதும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

அழகுபாண்டி நேற்று வந்தவன். நல்ல பையன்தான். அவனுக்கே கூச்சமாகிவிட்டது, தரையைப் பார்த்தான்.

எங்கள் தல்லாகுளம் ஆபீசில் லைவ், அதாவது முடித்த வேலையை வெப்சைட்டில் ஏற்றுவது, ஒரு சடங்கு. எல்லாரும் எழுதும் கோடிங் என்னிடம் வரும். நான் சரிபார்த்து அனுப்பிவிட்டு, ஐந்தரைக்கு நாகமலை புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிப்பேன்.

இரவு எட்டு மணிக்கு சார் கீபோர்டு பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்பார். கும்பிடுவார். பிறகு ஒவ்வொரு ஃபைலாகத் தன் கையாலேயே சர்வரில் ஏற்றுவார். நாங்கள் நடத்திக்கொடுக்கும் ஜவுளிக்கடை வெப்சைட்டில் புதுப் புடவைகள் அதற்கப்புறம்தான் தெரியும் என்பது ஆபீஸ் முழுக்க நம்பிக்கை.

அந்த எட்டு மணிக்கு அவர் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் இங்கே பதவி. நான் கேட்காத நாளில்லை.

"ராத்திரி வரைக்கும் ஒரு பொம்பளப் புள்ளைய எப்பிடிம்மா உக்கார வைக்கிறது?" என்றார் இன்றும்.

யாருமே உட்கார வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நான் அனுப்பியதும் மெஷினே எடுத்துக்கொள்ளும். எல்லார் கோடிங்கையும் ஒன்றாகச் சேர்க்கும், சோதித்துப் பார்க்கும், சரியாக இருந்தால் தானே சர்வரில் ஏற்றும், தப்பிருந்தால் நின்றுவிடும். அந்தப் புரோகிராமை நானே எழுதினேன். அவர் காதில் வாங்கினால்தானே.

புது சர்வருக்கு மாறிய அன்று மட்டும் என்னை நம்பினார். அன்று சித்திரைத் திருவிழா எதிர்சேவை. அழகரைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தாண்டி அவரால் ஆபீசுக்கு வர முடியவில்லை. போனிலேயே மொத்த வேலையையும் என் தலையில் கட்டினார்.

இன்று வெள்ளிக்கிழமை, ராகு காலம். தீபாவளித் தள்ளுபடிப் பக்கம் தயாராக இருந்தது.

போதும் என்று தோன்றியது. எழுந்து போய் என் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். எல்லார் கண்ணெதிரிலும் அனுப்பினேன்.

டீ ஆறுவதற்குள் தள்ளுபடிப் பக்கம் வெப்சைட்டில் வந்து நின்றது.

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு ஏத்துன? தப்பாப் போயிருந்தா யாரு பதில் சொல்றது?"

"சித்திரையில இருந்து இப்பிடித்தான் சார் ஏறுது. நான் பஸ் ஸ்டாப்புக்குப் போறதுக்குள்ள ஏறிரும். ஒருதடவகூட தப்பாப் போகல."

அவர் தன் மேசையைத் திரும்பிப் பார்த்தார். நேற்றைய பழம் அங்கேயே இருந்தது.

"அப்ப எட்டு மணிக்கு நான் ஏத்துறது?"

"அது பழைய சர்வருக்குப் போகுது சார். அதை இப்ப யாரும் பாக்கிறதில்ல. கும்பிட்டுப் போடுறீங்களே, பாவம்னு நிப்பாட்டாம விட்டேன்."