புதுத் தண்ணீர்

மீன் மறுபடியும் மேலே வந்தது. வாயைத் திறந்தது. சீ என்று உதறிக்கொண்டு ஜாடியின் அடிக்கே ஓடிப்போனது.

"பாத்தியா, என்னா திமிரு இதுக்கு!" என்றான் நாகையா.

அவன் மனைவி வீரம்மா சன்னலோரமாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானை மூக்கின்மேல் இருந்தது. கல்யாணமாகி, டெங்கில் ரப்பர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் இந்தப் பிரிக்பீல்ட்ஸ் கூலி லயத்துக்கு வந்து நாலு மாதம். நாலு மாதமும் அந்த முந்தானை அங்கேதான் இருக்கிறது.

அவன் வாசலில் கால் வைத்தால் போதும், அவளுக்குக் குமட்டும். அவன் தொட்ட செம்பை மூன்று தரம் விளக்குவாள். பொழுது சாய்ந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கட்டினவனைக் கண்டு ஒருத்திக்கு வாந்தி வருகிறதென்றால், அதை அவன் எந்த முகத்தோடு யாரிடம் போய்ச் சொல்வான்?

புது இடம், பழகிக்கொள்வாள் என்று லயமே சொன்னது. எங்கே பழகினாள்? பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். இன்றைக்கு மத்தியானத்துக்குள் அவள் அண்ணன் பக்கிரிசாமி வந்து அழைத்துப் போகப்போகிறான். போனால் திரும்பி வருகிற போக்கு இல்லை அது.

அவளை இருத்திவைக்க அவனுக்குத் தோன்றிய ஒரே வழி இந்த மீன்தான். சின்ன வயதில் தோட்டத்து வாய்க்காலில் சண்டை மீன் பிடித்து வளர்த்தவளாம். அது காதில் விழுந்ததும் சீனர் கடைக்கு ஓடி, செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு நின்ற ஒன்றாகப் பார்த்து வாங்கி வந்தான். காலி பிஸ்கட் ஜாடியை உள்ளேயும் வெளியேயும் தன் கையாலேயே தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து, அதில் விட்டான். புதுத் தண்ணீர், ஒரு நாள் இரண்டு நாள் சுருண்டு கிடக்கும் என்று கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார்.

சுருண்டு கிடந்தால்கூடத் தேவலையே! வருகிறது, துப்புகிறது, ஓடுகிறது. நிறம் செத்து, துடுப்பெல்லாம் ஒட்டிப்போய், ஊறின கந்தல் மாதிரி ஒரு கோலம். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இந்தக் கண்றாவிக்குப் போயா இத்தனை பாடு?

சாக்கடையில் கொட்டிவிடுகிற எண்ணத்தில் ஜாடியைத் தூக்கினான்.

வீரம்மா எழுந்து வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள், ஆனாலும் வந்தாள்.

"பயந்த மீனு அடியிலயே கெடக்குங்க. இது காத்து வாங்க மேல வந்து வந்து ஓடுது. மேல என்னமோ இருக்கு."

மேலே என்ன இருக்கும்? ஜாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்தான். தண்ணீர்மேல் மெல்லிசாக ஒரு படலம். நீலமும் ஊதாவுமாக மினுமினுத்தது.

ஜாடியைக் கழுவிய தன் கையைப் பார்த்தான்.

அந்த மினுமினுப்பு அவனுக்குத் தெரியாததா என்ன? விடிந்தால் முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஊர்ச் சாக்கடையெல்லாம் கொசு எண்ணெய் தெளிக்கிறவனாயிற்றே. கொசுப்புழு மூச்சு வாங்க மேலே வரும், எண்ணெய் விடாது, நெளிந்து நெளிந்து அடங்கிப்போகும். ஆறு வருஷமாக அதைப் பார்த்துவிட்டு அடுத்த சாக்கடைக்கு நடக்கிறவன். அந்த நாற்றம் அவன் மூக்குக்கு எப்போதோ மரத்துப்போயிற்று. நாத்தம் என்று அவள் வந்த புதிதில் ஒரு தரம் சொன்னபோது, தோட்டத்துக்காரிக்கு இத்தனை கொழுப்பா என்று அவன்தான் கத்தினான்.

சீ, என்ன மனுசன் நான் என்று இருந்தது.

அவள் தன் குடத்திலிருந்து ஒரு மங்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள். தேங்காய்ச் சிரட்டையால் மீனை மொண்டு அதில் விட்டாள். அது மேலே வந்தது. ஒரு வாய் காற்று வாங்கியது. ஓடவில்லை. இன்னொரு வாய் வாங்கியது.

வீரம்மா முந்தானையை விட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் பல்வரிசையை அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. கிட்டே போகவேண்டும்போல இருந்தது. போகாமல் சவுக்காரத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கி, குழாயடியில் நின்றுகொண்டான்.

கொஞ்ச நேரத்தில் பக்கிரிசாமி வந்து சேர்ந்தான். உன் தங்கச்சி இப்படி, உன் தங்கச்சி அப்படி என்று கொட்டுவதற்கு நாலு மாதத்து ஆவலாதி சேர்த்து வைத்திருந்தான் நாகையா. அதை விட்டுவிட்டுப் பெட்டியைக் காட்டினான்.

"பெட்டிய நீங்களே தூக்கிக்குங்க மச்சான். என் கையில எண்ணெ."

பக்கிரிசாமி அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சவுக்காரமும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்துபோன கைகள். எண்ணெய் எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை.