கதவுக்கு இந்தப் பக்கம்

தாழ்ப்பாளைப் போட்டதும், அது சரியாக விழுந்திருக்கிறதா என்று அவன் இழுத்துப் பார்த்தான்.

வார்டின் கோடியில் இருந்த குளியலறை அது. ஜன்னல் என்று பேருக்கு, எட்டாத உயரத்தில் மூன்று கண்ணாடிப் பட்டைகள்.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். வெளியே பேசுவது உள்ளே கேட்கக் கூடாது.

கேட்டது.

"அண்ணே, கதவைத் திறங்க. தியேட்டர்ல எல்லாரும் தயாரா இருக்காங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

நர்ஸ்தான். காலையிலிருந்து தன்மையாகப் பேசிக்கொண்டிருந்தவள். இப்போது அவளுக்கும் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

முழங்காலுக்குக் கீழே ஊதா மையில் ஓர் அம்புக்குறி. எடுக்க வேண்டிய கால் மாறிவிடக் கூடாதாம். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். மை கலங்கியதே தவிர அழியவில்லை.

எலும்பில் கட்டி. மோசமான வகை போலத்தான் தெரிகிறது என்றார்கள். மளமளவென்று வளர்கிறது, காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார்கள். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். ஸ்ட்ரெச்சர் வந்து நின்றபோதுதான் என்ன செய்திருக்கிறோம் என்பது உறைத்தது.

"மாமா, ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார். வெளிய வாங்க." மனைவியின் தம்பி.

குனிந்து கதவின் கீழிடுக்கில் பார்த்தான். ஸ்ட்ரெச்சர் சக்கரங்கள் அசையாமல் நின்றன.

பொய்.

மனைவியின் குரல் மட்டும் கேட்கவில்லை. அவள் பாதங்கள் தெரிந்தன. கதவுக்கு முதுகைக் காட்டி, கதவை ஒட்டி நின்றிருந்தாள்.

யாரோ கடப்பாரை கொண்டுவரச் சொன்னார்கள். அவன் தாழ்ப்பாளை எட்டிப் பிடித்தான். பழுதான மோட்டார்களைத் தனியாளாகத் தூக்கி இறக்குகிறவன். இப்போது ஒரு தாழ்ப்பாளை அழுத்திப் பிடிக்க விரலில் தெம்பில்லை.

அப்போது யாரோ ஓடிவரும் சத்தம். மூச்சு வாங்க ஒரு பெண் நின்றாள். இடுக்கில் பார்த்தால், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"கதவைத் திறக்க வேண்டாம். நான் சொல்றதை மட்டும் கேளுங்க. நான் லேப் டாக்டர். கட்டியோட ஜீன் பரிசோதனை முடிவு இப்பத்தான் வந்துச்சு."

அவன் குழாயை மூடினான்.

கட்டிக்குள் ஒரு ஜீன் உடைந்து, அறுந்த முனை சம்பந்தமே இல்லாத வேறொரு துண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் ஓடுமே, அந்த மாதிரி. அதனால்தான் இப்படி வளர்கிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புற்றுநோய் மாதிரியே இருக்கும். ஆனால் இந்த ஒட்டு, பரவாத கட்டிக்கு உரிய அடையாளம்.

நம்ப வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அதனாலேயே பயமாக இருந்தது.

"அப்போ ஒண்ணுமே பண்ண வேண்டாமா?" என்றான். குரல் யாருடையதோ போல வந்தது.

அவள் குரல் கதவுக்கு இன்னும் அருகில் வந்தது.

"பண்ணணும். கட்டியைச் சுரண்டி எடுத்துட்டு, அந்த இடத்துல வேற எலும்பு வெச்சு அடைக்கணும். நல்லா வலிக்கும். திரும்ப வந்தாலும் வரும். ஆனா காலை எடுக்க வேண்டாம். சர்ஜன்கிட்ட பேசிட்டுத்தான் ஓடி வர்றேன்."

ஏமாற்ற வந்தவள் என்றால், வலிக்கும் என்று எதற்குச் சொல்கிறாள்? திரும்ப வரும் என்று எதற்குச் சொல்கிறாள்?

இடுக்கில் பார்த்தான். சக்கரங்கள் திரும்பின. ஒன்று கிறீச்சிட்டது. ஸ்ட்ரெச்சர் போய்விட்டது.

கதவின் மறுபக்கத்தில் மனைவி சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது. அதன்பிறகு அவள் அழுகை.

அவனும் ஈரத் தரையில் மண்டியிட்டான்.

எதிரே, கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல், தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய பச்சை அங்கிக்குள், ஊதா அம்புக்குறி போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகள், காதுகளைப் பொத்தியிருந்த கைகளை எடுத்தாள்.

"எல்லாம் கேட்டுச்சுப்பா," என்றாள். "வலிச்சா வலிக்கட்டும். திறங்க."