எதிர்வரிசையில் நின்றவர்

"என்னங்க, அந்த ஆள் இன்னைக்கும் வந்துட்டார்." வாடகை வீட்டின் ஜன்னல் திரையை விட்டுவிட்டு மனைவி பின்வாங்கினாள்.

கணவனும் எட்டிப் பார்த்தான். வங்கி ஏலத்தில் ஒரு வீட்டை எடுத்து முன்பணம் கட்டிய பிறகுதான், வில்லங்கச் சான்றிதழில் இன்னொரு அடமானம் இருப்பது தெரிந்தது. யாரோ ஒரு வட்டிக்கடைக்காரருடையது. மூன்று நாளாக இந்த ஆள் கையில் ஃபைலோடு எதிர்வரிசையில் வந்து நிற்கிறார்.

"கடன் கொடுத்தவனாத்தான் இருப்பான். நம்ம கழுத்தைப் பிடிக்க வந்திருக்கான். நேத்து பேங்க் மேனேஜர்கிட்ட சொன்ன மாதிரியே அந்த வீட்டை விட்டுடுவோம். முன்பணம் போனாப் போகட்டும்."

அழைப்பு மணி அடித்தது. மனைவி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் சங்கிலியைக் கழற்றாமல் கதவை விரலளவு திறந்தான்.

"சார், நீங்க வீட்டை வேண்டாம்னு சொல்லிட்டதா பேங்க்ல பேசிக்கிறாங்களே, நிஜமா?"

"அதைக் கேக்க நீங்க யாரு?"

அவர் இடுக்கு வழியாக ஒரு பத்திரத்தை நீட்டினார். அந்த அடமானம் ரத்தானதற்கான பத்திரம், பதிவு முத்திரையோடு இருந்தது.

"என் மனைவி நகையை வித்து நானே அடைச்சுட்டேன் சார். பத்திரம் இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு, அது இல்லாம மணியடிக்கத் தைரியம் வரல. இனிமே வில்லங்கம் இல்ல. தயவுசெஞ்சு பின்வாங்கிடாதீங்க."

"நீங்க எதுக்கு அடைக்கணும்?"

"பழைய ஓனர் வாங்கின பேங்க் கடனுக்கு ஜாமீன் போட்டவன் சார் நான். நீங்க வாங்கலைன்னா, அடுத்து ஏலத்துக்கு வர்றது என் வீடு."