கடைசி இலக்கம்

லிங்கநகர் வீட்டில் மெல்ரோய் முகம் கழுவி, பாணும் சம்பலும் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். மனைவி சுதர்ஷிகா இறந்தபிறகு காலை இவ்வளவுதான்.

கூட வேலைசெய்யும் றிக்சன் தொலைபேசியில் அழைத்தான்.

"மச்சான், உன்ர தசமக் கணக்கு நிரலை இயங்குதளத்தில சேர்த்திட்டாங்கள்!"

"கொக்கு விட்டிட்டானோ? நான் ஒரு எழுத்தும் மாத்தேல்லையே."

அந்தத் திறந்த மூல இயங்குதளத்துக்கு வரும் நிரல்களைச் சோதிப்பவரின் புனைபெயர் கொக்கு. 'வேகம் சரி, கடைசி இலக்கம் பிழை' என்று இரண்டு வருடமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த ஆள். ஒவ்வொரு முறையும் சுதர்ஷிகா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "ஈவிரக்கமே இல்லாத மனுசனப்பா" என்று அவனோடு சேர்ந்து திட்டுவாள்.

"பொறு, கொக்கு செத்துப்போச்சாம். அஞ்சலி போட்டிருக்கினம்." றிக்சனின் குரல் தாழ்ந்தது. "மச்சான்... இதில சுதர்ஷிகாவின்ர பேரும் படமும் கிடக்கு."

மெல்ரோய் மேசையின் மறுபக்கத்திலிருந்த கதிரையைப் பார்த்தான். அதில் இருந்துகொண்டுதான் அத்தனை முறையும் அவன் நிரலைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில், பிழை திருத்தாத அதே நிரலைப் பற்றித்தான் அவள் கடைசியாகச் சொன்னாள்.

"அப்பிடியே அனுப்புங்கோ. இனிக் கொக்கு மறிக்காது."