வாசலில் விட்ட செருப்பு

காலணியோடு உள்ளே நுழையலாகாது என்பது காரைக்குடியின் இந்த மருத்துவமனையில் சட்டம். என் மகள் மரிய அனிதா செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடியே மருத்துவரின் அறைக்குள் சென்று அமர்கிறாள்; நான் அவள் அருகில் நிற்கிறேன். கணுக்கால் மூட்டின் சவ்வில் வளர்ந்த அரிய கட்டியை அகற்றி ஓராண்டு கடந்துவிட்டது. வலி மட்டும் அகலவில்லை. மருத்துவர் ஸ்கேன் படத்தைச் சன்னல் வெயிலுக்கு நேராக உயர்த்திப் பிடிக்கிறார். படத்தில் எலும்பு பளிங்கைப்போல் ஒளிர்கிறது. அனிதாவின் பாதமோ மேசைக்கடியில், அவர் கண்ணில் படாமல், விரல்களைக் குறுக்கிக்கொண்டு கிடக்கிறது. "கட்டி திரும்ப வரலை. மூட்டு சுத்தமா இருக்கு. வலி உங்க மனசுலதாம்மா." அனிதா குரலைத் தாழ்த்துகிறாள். "காலை ஒருதடவ பாத்துருங்களேன் டாக்டர். வகுப்புல நிக்க முடியல. உக்காந்து பாடம் நடத்த ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தீகன்னா வேலையக் காப்பாத்திக்கிருவேன்." அவர் நிமிரவில்லை. "அதான் படத்துலயே பாத்துட்டேனே. இல்லாத நோய்க்கு என்ன சர்ட்டிபிகேட்?" தூக்க மாத்திரை எழுதும் பேனாவின் கீறல் ஒலி மட்டும் கேட்கிறது. நோயைக் கண்டறிய நோயாளியைக் காண வேண்டியதில்லை என்னும் நிலைக்கு மருத்துவம் வளர்ந்துவிட்டது போலும்.

வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கும் பெண், செருப்பில் கால் நுழைக்கும் அனிதாவைத் தடுக்கிறாள். "ஏம்மா, சோடி மாத்திப் போடுறீகளே! ஒண்ணு புதுசு. இன்னொண்ணு ஓரமெல்லாம் தேஞ்ச பழசால்ல இருக்கு."

"இல்லக்கா. ரெண்டும் ஈஸ்டருக்கு ஒண்ணா வாங்குனதுதான்."

புதிதாகத் தெரியும் செருப்பில் வலிக்கும் காலை நுழைக்கிறாள். அவளுக்குப் பின்னால் அறைக்கதவு சாத்தப்படுகிறது. அடுத்த நோயாளி தம் செருப்பை வாசலில் கழற்றிக்கொண்டிருக்கிறார்.