தொப்பிக்கடியில் யார்

மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் முப்பத்தெட்டு.

ஒரு தலை குறைந்தாலும் பஸ் கிளம்பக் கூடாது. கிரீஸின் ஒலிம்பியா இடிபாடுகளில் யாரையாவது விட்டுவிட்டு வந்தால், வழிகாட்டி வேலையில் இந்த முதல் நாளே எனக்குக் கடைசி நாள்.

கிளம்பினோம்.

துறைமுகம் வரும்வரை பின்வரிசையில் ஹென்னிங்கின் குரல்தான். டென்மார்க்காரர். விழுந்து கிடக்கும் கோயில் தூண்களை எப்படி நிமிர்த்தியிருக்க வேண்டும் என்று காலையில் எனக்கே ஆங்கிலத்தில் பாடம் எடுத்தவர். இப்போது ஜன்னலைப் பார்த்தபடி, கையை ஆட்டி ஆட்டி, தன் மொழியில். பக்கத்து இருக்கையில் மனைவி பிர்கிட்டின் வைக்கோல் தொப்பி, நீலச் சால்வை.

கதாகோலோ துறைமுகத்தில் இறங்கியதும் ஹென்னிங் வழக்கம்போல முன்னால் நடந்துவிட்டார்.

சுற்றுலாக் கப்பலின் வாசலில் ஒவ்வொருவராகப் பயண அட்டையைக் கருவியில் வைத்தார்கள். எண்ணிக்கை முப்பத்தேழில் நின்றுவிட்டது.

கடைசியாக வந்த வைக்கோல் தொப்பியிடம் அட்டை இல்லை. நீலச் சால்வையை விலக்கினால், உள்ளே மீசை.

தானாசிஸ். இடிபாடுகளின் வாசலில் ஆரஞ்சு பிழிந்து விற்பவர்.

"அந்தம்மாதான் தொப்பியும் சால்வையும் குடுத்துச்சு. நீ தலையைத்தான் எண்ணுவியாமே. மீன் வாங்க எப்படியும் நான் இங்க வரணும், சரின்னு ஏறிட்டேன்."

"அவங்க எங்க?"

"என் கடையில. நல்லாப் பிழியுது. நாளைக்கு ஏதென்ஸ் போகுதாம், அங்கேருந்து ஊருக்கு."

கப்பல் கிளம்ப இருபது நிமிடம். ஒலிம்பியாவுக்குப் போகவே நாற்பது.

கப்பல் அதிகாரி புகார் எழுதப் பேனாவை எடுத்தார். என் பெயரைக் கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

ஹென்னிங் படியிறங்கி வந்தார். தானாசிஸை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அதிகாரியின் பேனாவை மெல்ல ஒதுக்கினார்.

"இந்தப் பொண்ணு பேரை எழுதாதீங்க. தோளோட தோள் உரச உக்காந்து வந்தவன் நான். எனக்கே தெரியல."

தானாசிஸின் தலையிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்."