எங்கே வலிக்கிறது?

எந்த வகை அறிவு என்று பார்க்கும் மூன்று வயதுச் சோதனையில் நிலாமொழிக்கு இசையறிவு என்று வந்தது. அம்மா பிரமிளா தெருவுக்கே லட்டு கொடுத்தாள். அதன்பின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பாட்டு மட்டும்தான். பேச்சு என்பது மொழியறிவுப் பிள்ளைகளுக்கு, சைகை என்பது உடலறிவுப் பிள்ளைகளுக்கு. மற்றதெல்லாம் மூளைக்குச் சுமை என்று மறக்கடித்துவிட்டார்கள்.

இப்போது ஏழு வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

"எங்கடா கண்ணு வலிக்குது?" என்றார் டாக்டர்.

நிலாமொழி பாடினாள்.

"என்னம்மா சொல்றா? நீங்களாச்சும் சொல்லுங்க."

"எனக்குப் பேச்சு மட்டும்தான் டாக்டர் தெரியும்" என்று பிரமிளா அழுதாள்.

பிள்ளை அம்மாவையே பார்த்துக்கொண்டு இன்னும் உச்சத்தில் பாடினாள். பாட்டு சட்டென்று நின்றது; தலை தொங்கிச் சாய்ந்தது.

வார்டே கைதட்டியது.